உஸ்பெகிஸ்தான் செல்லும் இந்தியர்கள் அறிந்திருக்க வேண்டியவை: மின்-விசா முதல் தைமூர் சிலை வரை

டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஆகும் நேரத்தைவிட இது சற்றே கூடுதல். இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னோக்கி நகர்த்தினால் போதும். ஆனாலும் சிங்கப்பூரும் துபாயும் பழகிய அளவுக்கு மத்திய ஆசியா இந்தியப் பயணிகளுக்கு இன்னும் பழகவில்லை. பலருக்கு தாஷ்கண்ட் என்பது லால் பகதூர் சாஸ்திரி மறைந்த ஊர் என்ற பாடப்புத்தக வரியோடு நின்றுவிடுகிறது.

அந்த நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் இரு வகைப்பட்டது. விசா, தங்குமிடப் பதிவு, மருந்துச் சீட்டு போன்ற ஆவணங்களைச் சேர்ப்பது முதல் வகை. அது இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். தங்கள் தாய்நாட்டை உஸ்பெக் மக்கள் வெளியாருக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துகின்றனர், அந்த அறிமுகத்தில் இந்தியாவுக்கு என்ன இடம் என்பதைத் தெரிந்துகொள்வது இரண்டாவது. பயண ஏற்பாட்டு நிறுவனங்களின் கையேடுகள் முதலாவதைப் பற்றி நிறையச் சொல்கின்றன. இரண்டாவதைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்வதில்லை.

திறக்கப்பட்ட கதவு

உஸ்பெகிஸ்தான் 1991 செப்டம்பர் 1-ஆம் தேதியைத் தனது சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிறகும், முதல் அதிபர் இஸ்லாம் கரிமோவின் ஆட்சிக்காலம் முழுவதும், வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது எளிதில் நுழையக்கூடிய நாடாக இருக்கவில்லை. விசா பெறுவதற்கு நெடிய காத்திருப்பு தேவைப்பட்டது. அதிகாரபூர்வ நாணய மாற்று விகிதத்துக்கும் கறுப்புச் சந்தை விகிதத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. தாஷ்கண்ட் மெட்ரோ நிலையங்களில் புகைப்படம் எடுப்பதுகூடத் தடை செய்யப்பட்டிருந்தது.

2016-இல் கரிமோவ் மறைந்து ஷவ்கத் மிர்சியோயெவ் அதிபரான பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் நாணய மாற்றுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 2018-இல் மெட்ரோ புகைப்படத் தடை விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் குடிமக்களுக்கு மின்-விசா அறிமுகமானது. இன்று இந்தியப் பயணி ஒருவர் தாஷ்கண்டில் தடையின்றி நடமாட முடிகிறது என்றால் அதற்கு அடித்தளம் இந்த இரண்டு ஆண்டுகளில் இடப்பட்டதே.

விசாவும் தங்குமிடப் பதிவும்

மின்-விசாவுக்கு உஸ்பெகிஸ்தான் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கமும் புகைப்படமும் பதிவேற்றப்பட வேண்டும். தூதரகத்துக்கு நேரில் செல்லத் தேவையில்லை. அறிமுகமானபோது ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 20 அமெரிக்க டாலராகவும், தங்கும் காலம் 30 நாட்கள் வரையும் நிர்ணயிக்கப்பட்டது. விசா விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை என்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அந்த இணையதளத்தில் நடப்பு விவரங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கட்டணம் வசூலிக்கின்றன. பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருக்க வேண்டும். தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னொட்டாகக் கொண்ட தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிக் கவனம் தேவை: குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என்ற குழப்பத்துக்கு, கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் என்ன அச்சிடப்பட்டுள்ளதோ அதுவே விடை.

நாட்டுக்குள் நுழைந்த பிறகு தங்குமிடப் பதிவு கட்டாயம். விடுதியில் தங்கினால் நிர்வாகமே இதனைச் செய்துவிடும். நண்பர் வீட்டிலோ உறவினராகிய மாணவரின் வாடகை வீட்டிலோ தங்கினால், வந்து சேர்ந்த மூன்று நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் மூலம் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால் அபராதம் விதிக்கப்படலாம். சமர்கண்ட், புகாரா ஆகிய நகரங்களின் மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மாணவர்கள் கணிசமாகப் பயில்வதால், பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் இந்த விதியை மறந்துவிடக் கூடாது.

இந்தப் பதிவுக்கான மின்னணு அமைப்பின் பெயர் 'இ-மெஹ்மோன்'. மெஹ்மோன் என்றால் விருந்தினர். இந்தியில் வழங்கும் 'மெஹ்மான்' என்ற அதே பாரசீகச் சொல். காவல் துறை கண்காணிப்புக்கான ஒரு பதிவேட்டுக்கு விருந்தினரின் பெயரைச் சூட்டியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் எவரும் சற்று நின்று ரசிக்காமல் கடக்க முடியாது.

மருந்துப் பையில் கவனம்

இந்தியப் பயணிகள் அறியாமல் சிக்கலில் மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் விசா அல்ல, மருந்துப் பை. இந்தியாவில் மருத்துவர் சாதாரணமாக எழுதித்தரும் சில வலி நிவாரணிகள், தூக்க மாத்திரைகள், பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள் ஆகியவை உஸ்பெகிஸ்தானில் போதைப்பொருள் அல்லது மனநிலை மாற்றும் பொருள்களுக்கான சட்டங்களின் கீழ் வருகின்றன. டிரமடால் இவற்றுள் முதன்மையானது. முதுகு வலிக்காக இந்தியாவில் வாங்கிய ஒரு அட்டை மாத்திரை, தாஷ்கண்ட் சுங்கப் பரிசோதனையில் குற்றவியல் விசாரணை வரை செல்லக்கூடும்.

ஆகவே வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டியை அப்படியே தூக்கிப் பையில் வைப்பது சரியன்று. ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயரையும் பார்த்து, கட்டுப்படுத்தப்பட்டதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாற்று மருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். தவிர்க்கவே முடியாதது என்றால், பயண நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும், அச்சிட்ட உறையுடன், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டுடன் எடுத்துச் சென்று, விமான நிலையச் சுங்கப் படிவத்தில் தாமாகவே அறிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் தங்கள் மகனுக்கென்று கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலங்களுக்கும் இது பொருந்தும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொட்டலத்தை எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பதே உத்தமம். முன் அனுமதியின்றி டிரோன்களைக் கொண்டுசெல்வதற்கும் தடை உண்டு. திருமணப் படப்பிடிப்புக்கென்று அதை வாங்கி வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.

அறிமுகம் தொடங்கும் இடம்

சுற்றுலா வழிகாட்டிகள் தங்கள் நாட்டை நீலக் குவிமாடங்களிலிருந்து அறிமுகம் செய்கின்றனர். உஸ்பெக் குடும்பங்களோ 'தஸ்தர்கான்' என்ற உணவு விரிப்பிலிருந்து அறிமுகம் செய்கின்றன. விருந்தினர் அமர்ந்தவுடன் முதலில் வருவது ரொட்டியும் பச்சைத் தேநீரும். ரொட்டியின் பெயர் 'நோன்'. நாம் அறிந்த நான் ரொட்டியின் உறவினர். 'தந்திர்' என்ற மண் அடுப்பில் சுடப்பட்டு, நடுவில் பூ வடிவ முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிட்டுப் பகிர்வதும், முகப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்காமல் இருப்பதும் மரபு. குப்பையில் ரொட்டியை வீசுவது கடும் அவமரியாதையாகக் கருதப்படுகிறது.

தேநீர் விஷயத்தில் இந்தியர் ஒருவர் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய வழக்கம் ஒன்று உண்டு. கைப்பிடியற்ற சிறு கிண்ணமான 'பியோலா'வில் தேநீரைப் பாதிக்கும் குறைவாகவே ஊற்றுவார்கள். நம் ஊர்களில் தளும்ப ஊற்றுவது தாராளத்தின் அடையாளம். அங்கே குறைவாக ஊற்றுவதே மரியாதை. அடிக்கடி நிரப்பித் தர விரும்புகிறோம், நீங்கள் நெடுநேரம் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். விளிம்பு வரை நிரப்பித் தந்தால், விடைபெறும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மொழியிலும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாரசீக, அரபுச் சொற்கள் அதில் ஏராளம். பஜார் அங்கே 'போசோர்', புத்தகம் 'கிதோப்', நண்பர் 'தோஸ்த்', உலகம் 'துன்யோ'. இந்தி அல்லது உருது அறிந்தவர்களுக்குப் பாதி வாக்கியம் தானாகவே புரியும். தமிழருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 'அகா' என்றால் அங்கே அண்ணன். ஆண்களின் பெயரோடு மரியாதையாகச் சேர்த்து அழைக்கப்படும் சொல் அது. அக்காவை அழைக்க 'ஓபா' என்று சொல்ல வேண்டும். அந்நியரையும் உறவுமுறை சொல்லி அழைக்கும் பழக்கம் இரு இடத்திலும் ஒன்றே என்பதால், இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் சந்தையிலும் வாடகைக் காரிலும் முகங்கள் மலரும். நன்றி சொல்ல 'ரஹ்மத்'. வணக்கம் சொல்லும்போது வலது கையை நெஞ்சின்மீது வைப்பது வழக்கம். பெண்களிடம் அவர்கள் கை நீட்டினாலொழிய ஆண்கள் கை குலுக்க முனைவதில்லை.

குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் 'மஹல்லா' என்ற சொல் தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு நன்கு பழக்கமானது. உஸ்பெகிஸ்தானில் அது வெறும் தெருக்கூட்டமன்று. திருமணம், இழவு, அண்டை வீட்டுத் தகராறு, ஏழைக் குடும்பத்துக்கான உதவி என எல்லாவற்றிலும் பங்குகொள்ளும் முறையான சமூக அமைப்பு. பழைய நகரப் பகுதியின் குறுகிய சந்துகளில் நடக்கும் பயணிகள், தாங்கள் நடப்பது கண்காட்சித் திடலில் அல்ல, பிறருடைய வீட்டு முற்றத்தின் ஓரத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. திறந்திருக்கும் கதவுக்குள் கேமராவை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் உள்ளேயே அழைத்துவிடுவார்கள்.

ஒரே வரலாறு, இரண்டு சாளரங்கள்

இந்தியப் பயணிக்கு உண்மையான சோதனை தாஷ்கண்டின் நடுநாயகமான சதுக்கத்தில் காத்திருக்கிறது. அங்கே குதிரைமீது அமர்ந்திருப்பவர் அமீர் தைமூர். சோவியத் காலத்தில் அந்த இடத்தில் கார்ல் மார்க்ஸின் சிலை இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் தனக்கென ஒரு தேசிய வரலாற்றை எழுதிக்கொள்ள முனைந்த நாடு, 1336-இல் ஷஹ்ரிசப்ஸ் நகருக்கு அருகே பிறந்து, சமர்கண்டைப் பேரரசின் தலைநகராக உயர்த்திய தைமூரைத் தன் முதன்மை நாயகனாகத் தேர்ந்தெடுத்தது. பள்ளிப் பாடநூலிலும் நாணயத்தாளிலும் அருங்காட்சியகத்திலும் அவரே நிறைந்திருக்கிறார்.

இந்திய வரலாற்று நூல்களில் அதே தைமூர் 1398-இல் டெல்லியைச் சூறையாடியவர். பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட அந்தப் படையெடுப்பின் பின்னர், டெல்லியின் கைவினைஞர்கள் சமர்கண்டுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். சமர்கண்டில் இன்று பயணிகள் அண்ணாந்து பார்க்கும் பீபி கானிம் மசூதி, அந்தப் படையெடுப்பிலிருந்து திரும்பிய கையோடு தைமூர் கட்டத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட யானைகளும் கல்தச்சர்களும் அதன் கட்டுமானத்தில் பயன்படுத்தப்பட்டதாகப் பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த வாயிலின் முன் நிற்கும் இந்தியர் தம் நாட்டு வரலாற்றின் ஒரு துண்டின் முன்னும் நிற்கிறார். வழிகாட்டிகளின் விளக்கத்தில் கட்டடத்தின் அழகுக்குத்தான் இடம் மிகுதி, டெல்லிக்கு அல்ல.

பாபரின் கதையும் இத்தகையதே. 1483-இல் பெர்கானா சமவெளியின் அந்திஜானில் பிறந்த அவர், இளமையில் சமர்கண்டை மூன்று முறை கைப்பற்றி மூன்று முறையும் இழந்தவர். வடக்கே இடமின்றியே தெற்கு நோக்கி வந்து 1526-இல் இந்தியாவில் முகலாய ஆட்சியை நிறுவினார். உஸ்பெக் மக்களுக்கு அவர் முதலில் கவிஞர்; பழைய உஸ்பெக் எனப்படும் சகதாய் மொழியில் எழுதிய உரைநடை மேதை; தாய்நாட்டை இழந்து அந்நிய மண்ணில் அதன் முலாம்பழங்களுக்காக ஏங்கியவர். இந்திய அரசியலில் அந்தப் பெயர் எழுப்பும் அதிர்வுகள் அங்கே எவருக்கும் கேட்பதில்லை. அந்திஜானில் பாபர் பெயரிலான பூங்காவைப் பெருமையோடு காட்டும் உள்ளூர்க்காரரிடம் விவாதம் தொடங்கும் பயணியால் இரு தரப்புக்கும் சங்கடமே மிஞ்சும். அதற்காக மௌனமாகத் தலையாட்ட வேண்டும் என்றில்லை. டெல்லியில் அந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை நிதானமாகச் சொன்னால், ஆர்வத்தோடு கேட்பவர்கள் உண்டு.

பரஸ்பரம் பெருமைகொள்ளத்தக்க தொடர்புகளும் குறைவில்லை. தைமூரின் பேரன் உலுக் பெக் அரசராக இருந்தும் வானியலில் ஆழ்ந்தவர். 1420-களில் சமர்கண்டில் அவர் எழுப்பிய வானாய்வு நிலையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் கணிக்கப்பட்டன. 1449-இல் தம் சொந்த மகனின் ஏற்பாட்டில் அவர் கொல்லப்பட்ட பின் அந்த நிலையமும் அழிந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த அதன் பெரும் வளைவு 1908-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அவருடைய விண்மீன் அட்டவணைகள் அழியவில்லை. ஜெய்ப்பூர், டெல்லி ஜந்தர் மந்தர்களை அமைத்த இரண்டாம் சவாய் ஜெய் சிங் தம் கணக்கீடுகளுக்கு அவற்றை அடிப்படையாகக் கொண்டார். ஜந்தர் மந்தரைப் பார்த்துவிட்டுச் சமர்கண்ட் செல்பவருக்கு, குன்றுக்குள் இறங்கும் அந்தக் கல்வளைவு புதிதாகத் தோன்றாது.

இன்னும் முன்னே சென்றால், குவாரிசம் பகுதியில் 973-இல் பிறந்த அல்-பிரூனி இந்தியாவின் சமயம், அறிவியல், வழக்கங்கள் பற்றி விரிவான நூல் எழுதினார். ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரி, பெயரே உணர்த்துவதுபோல், புகாராவில் பிறந்தவர். அவருடைய அடக்கத்தலம் சமர்கண்டுக்கு அருகே உள்ளது. தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் வழங்கும் புகாரி என்ற பெயருக்கு 'புகாரா நகரத்தவர்' என்பதே பொருள்.

தாஷ்கண்டில் சாஸ்திரியின் மார்பளவுச் சிலையும் அவர் பெயரிலான தெருவும் உள்ளன. 1965 போரைத் தொடர்ந்து பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன், சோவியத் பிரதமர் கோசிகின் முன்னிலையில், 1966 ஜனவரி 10-ஆம் தேதி அவர் அமைதிப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்; மறுநாள் அதிகாலையில் அங்கேயே காலமானார். அதே ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி நிலநடுக்கம் தாஷ்கண்டின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. பழைய கட்டடங்களை எதிர்பார்த்துச் செல்பவர்கள் அகன்ற சாலைகளையும் சோவியத் பாணி அடுக்குமாடிகளையும் கண்டு ஏமாறுவதன் காரணம் இதுவே. சாஸ்திரி பார்த்த தாஷ்கண்ட், அவர் மறைந்த சில மாதங்களிலேயே மறைந்துவிட்டது.

நகரங்கள்

தாஷ்கண்டுக்கு ஒன்றரை நாள் போதும். 1977-இல் திறக்கப்பட்ட மெட்ரோவின் நிலையங்களையும், நீலக் குவிமாடத்தின் கீழ் இயங்கும் சோர்சு சந்தையையும் பார்த்துவிட்டு ரயிலேறலாம். 'அஃப்ராசியாப்' எனப்படும் அதிவேக ரயில் 2011 முதல் சமர்கண்டுக்கு இயக்கப்படுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும் அது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் சமர்கண்டை அடைந்து, புகாரா வரையும் செல்கிறது. வசந்த, இலையுதிர் காலங்களில் பயணச்சீட்டுகள் வெகு விரைவில் தீர்ந்துவிடும். நிலையப் பெயர்களைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உஸ்பெக் லத்தீன் எழுத்துமுறையில் கிவா நகரின் பெயர் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்குகிறது. 1993-இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் இயற்றப்பட்டும் சிரிலிக் எழுத்து இன்னும் பரவலாக வழங்குவதால், ஒரே ஊரின் பெயரை இரு எழுத்துகளில் பார்க்க நேரும்.

சமர்கண்டின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் மூன்று மதரசாக்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. உலுக் பெக் கட்டியது 1420-இல் நிறைவுற்றது. மற்ற இரண்டும் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றின் முகப்பில் புலியைப் போன்ற விலங்குகளும் மனித முகம் கொண்ட சூரியன்களும் தீட்டப்பட்டிருப்பது பலரையும் வியக்க வைக்கும். அருகிலுள்ள ஷாஹி ஸிந்தா கல்லறைத் தொகுதியின் நீல ஓடுகளைப் படமெடுக்கவே பெரும்பாலோர் செல்கின்றனர். உள்ளூர் மக்களுக்கோ அது பிரார்த்தனைத் தலம். தோள்களும் முழங்கால்களும் மறையும் உடை, தலைக்கு ஒரு துணி, தாழ்ந்த குரல் ஆகியவை அங்கே தேவை.

சமர்கண்டைவிட ஒரு நாள் கூடுதலாகப் புகாராவுக்கு ஒதுக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சமர்கண்டின் நினைவுச்சின்னங்களுக்கு இடையே நவீன நகரம் குறுக்கிடுகிறது. புகாராவின் பழைய நகரம் இன்னும் நடந்தே கடக்கக்கூடிய முழுமையோடு இருக்கிறது. 1127-இல் எழுப்பப்பட்ட கல்யான் மினார், சுட்ட செங்கல்லால் மட்டுமே நெய்யப்பட்டது போன்ற சாமானிய மன்னர்களின் சமாதி, லியாபி ஹவுஸ் குளக்கரை ஆகியவை ஒரே நடையில் அடங்கும். மல்பெரி மரங்கள் நிழல் தரும் அந்தக் குளம் ஊரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாக இருந்தது. அத்தகைய குளங்கள் நரம்புச் சிலந்தி நோயையும் பரப்பின. சோவியத் மருத்துவர்கள் 1930-களின் தொடக்கத்தில் அந்த நோயை ஒழித்தனர்.

கிவாவின் மதிலுக்குள் அமைந்த இச்சான் கலா, 1990-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு மாறாக, தைமூரின் சொந்த ஊரான ஷஹ்ரிசப்ஸ் 2000-இல் அப்பட்டியலில் இடம்பெற்று, 2016-இல் ஆபத்துக்குள்ளான தலங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சுற்றுலா வசதிகளை விரிவுபடுத்துவதற்காக நடுவில் இருந்த பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, புல்வெளியும் அகன்ற நடைபாதையும் அமைக்கப்பட்டதே காரணம். வெளியாருக்கு அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் வீட்டுக்காரர்களே வெளியேற நேர்ந்த ஊர் அது. மாமல்லபுரமோ ஹம்பியோ அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை.

கடல் இருந்த ஊர்

கடலை அடைய குறைந்தது இரண்டு நாடுகளைக் கடக்க வேண்டிய நிலையில் உள்ள நாடுகள் உலகில் இரண்டே: ஒன்று லீக்டன்ஸ்டைன், மற்றது உஸ்பெகிஸ்தான். ஆயினும் அதற்கென்று 'கடல்' என்றே அழைக்கப்பட்ட ஆரல் இருந்தது. 1960-இல் உலகின் நான்காவது பெரிய ஏரி அது. அதற்கு நீர் தந்த அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால் ஏரி சில பதிற்றாண்டுகளில் பெரும்பாலும் வற்றிப்போனது. மேற்கேயுள்ள கரகல்பாக்ஸ்தான் தன்னாட்சிக் குடியரசின் முய்னாக் ஊரில், துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்கள் மணலில் கிடக்கின்றன. முன்னாள் கடற்படுகையிலிருந்து உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்த புழுதி எழுந்து ஊர்கள்மீது வீசுகிறது. அதைத் தடுக்க சாக்சவுல் புதர்கள் நடப்பட்டு வருகின்றன.

நேரம் இருப்பவர்கள் அங்கே செல்ல வேண்டும். கப்பல்மீது ஏறி நின்று சிரித்துப் படமெடுத்துக்கொள்வோர் உண்டு. அதே ஊரில் மீன் பதப்படுத்தும் ஆலை மூடப்பட்டு வேலையிழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை இன்னும் வாழ்கிறது என்பதை அறிந்து செல்பவர்கள் அப்படிச் செய்யத் தயங்குவார்கள். வழியில் நூகுஸ் நகரில் இகோர் சாவிட்ஸ்கி 1966-இல் நிறுவிய அருங்காட்சியகம் இருக்கிறது. மாஸ்கோவில் ஒதுக்கப்பட்ட ஓவியர்களின் படைப்புகளைத் தலைநகரின் பார்வைக்கு எட்டாத இந்தப் பாலைவன ஊரில் அவர் பாதுகாத்தார். அரை நாளாவது அதற்குத் தேவை.

பருத்தியின் கதைக்கு மற்றொரு பகுதியும் உண்டு. அறுவடைக் காலத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட வயலுக்கு அனுப்பப்பட்ட கட்டாய உழைப்பு முறையை எதிர்த்து, உலக ஆடை நிறுவனங்கள் பல உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்திருந்தன. அரசு அம்முறையைக் கைவிட்டதைத் தொடர்ந்து 2022 மார்ச்சில் அந்தப் புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது. பட்டிலும் பருத்தியிலும் நெய்யப்படும் மர்கிலானின் 'அத்லஸ்', 'அத்ரஸ்' துணிகளை வாங்குபவர்கள், நெசவாளரின் பட்டறையில் நேரடியாக வாங்கினால் விலையும் நியாயமாக இருக்கும், நூலுக்குக் கட்டுப் போட்டுச் சாயமிடும் முறையையும் பார்க்கலாம். போச்சம்பள்ளி சேலை அறிந்தவர்களுக்கு அந்த நுட்பம் உடனே புரிந்துவிடும்.

சைவ உணவாளர்களுக்கு

நாட்டின் முதன்மை உணவு 'பலோவ்'. நம் புலாவின் பெயரும் இதுவும் ஒரே மூலத்தவை. அரிசி, மஞ்சள் கேரட், ஆட்டிறைச்சி சேர்த்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் சமைக்கப்படும் இதன் பண்பாடு 2016-இல் யுனெஸ்கோவின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. விழாக்களில் ஆண்களே சமைப்பர். மதிய உணவாகவே பெரும்பாலும் கிடைக்கும், மாலையில் தேடினால் கொப்பரை காலியாக இருக்கும். ஓரத்தில் வைக்கப்படும் 'கஸி' துண்டுகள் குதிரை இறைச்சி என்பதை உண்ணும் முன் அறிந்திருப்பது நல்லது. பன்றி இறைச்சி பொதுவாகப் பரிமாறப்படுவதில்லை. ஆனால் மாட்டிறைச்சி சாதாரணம். அதைத் தவிர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டறிய வேண்டும்.

சைவ உணவாளர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் 'இறைச்சி இல்லை' என்று சொல்லித் தரப்படும் சூப்பும் இறைச்சிச் சாற்றில் கொதித்ததாகவே இருக்கக்கூடும். 'கோஷ்த்சிஸ்' என்ற சொல் 'இறைச்சி இல்லாமல்' என்று பொருள்படும். அதோடு சாறும் கொழுப்பும் வேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். பூசணி அடைத்த சோம்சா, தக்காளி-வெங்காயத்தால் ஆன 'அச்சிச்சுக்', தயிர், ரொட்டி, உலர் பழங்கள், கோடையில் முலாம்பழமும் திராட்சையும் எங்கும் கிடைக்கும். சோம்சாதான் நம் சமோசா. அங்கே எண்ணெயில் பொரிக்காமல் தந்திர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். குழாய்த் தண்ணீரைத் தவிர்த்துப் புட்டி நீரையே பருக வேண்டும்.

பருவமும் பணமும்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஆகியவையே ஏற்ற மாதங்கள். ஜூன் இறுதியிலிருந்து நாற்பது நாட்கள் நீடிக்கும் 'சில்லா' எனும் கடுங்கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே செல்லும். மார்ச் 21-ஆம் தேதி நவ்ரூஸ் புத்தாண்டையொட்டிச் செல்பவர்கள், முளைவிட்ட கோதுமையை இரவு முழுவதும் கிளறிப் பெண்கள் கூடிச் சமைக்கும் 'சுமலக்' என்ற கூழைச் சுவைக்கலாம். அடிப்பிடிக்காமல் இருக்கச் சிறு கூழாங்கற்களையும் கொப்பரையில் இடுவர். கிண்ணத்தில் கல் வந்தால் அது அதிர்ஷ்டமாகக் கருதப்படுகிறது; சமையல் குறையென்று திருப்பித் தரக் கூடாது.

நாணயம் 'சோம்'. ஒரு அமெரிக்க டாலருக்கு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சோம் கிடைப்பதால் சுழியங்களை எண்ணுவதில் முதல் நாள் தடுமாற்றம் நேரும். இந்திய ரூபாயை நம்பிச் செல்லாமல், கசங்காத டாலர் தாள்களை எடுத்துச் சென்று வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். பெரிய நகரங்களில் பன்னாட்டு வங்கி அட்டைகளும் செல்லும். மின் இணைப்புக்கு ஐரோப்பிய வகை இருமுனைப் பிளக் தேவை. வாடகைக் கார்களுக்கு யாண்டெக்ஸ் செயலி பரவலாகப் பயன்படுகிறது. பேரம் பேசும் தொல்லை இல்லை.

திரும்பும்போது சுங்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 50 ஆண்டுகளுக்கும் பழமையான கலைப்பொருட்கள், கையெழுத்துப் படிகள், கம்பளங்கள் போன்றவற்றை உரிய சான்றிதழின்றி வெளியே கொண்டுசெல்ல முடியாது. சந்தையில் 'தாத்தா காலத்தது' என்று சொல்லி விற்கப்படும் சுஸானி எம்பிராய்டரி அண்மையில் தைக்கப்பட்டதாக இருந்தாலும், அதைப் பரிசோதகரிடம் நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவரையே சேரும். ஆகவே கடைக்காரரிடம் ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். சமர்கண்டின் கனத்த, பளபளப்பான ரொட்டிக்கு ரசீது எதுவும் தேவையில்லை. பல நாட்கள் கெடாது என்பதால், அந்நகரிலிருந்து தாஷ்கண்ட் திரும்பும் ரயிலில் உள்ளூர்க்காரர்களே அதைப் பை பையாக எடுத்துச் செல்கின்றனர்.